டாக்டர் கோல்ட்பர்கரும் ஏழை மக்களின் நோயும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியன் ஒருவனுக்குப் புறம்பானது போலத் தோன்றலாம். அஃது ஒரு மருத்துவரின் வரலாறு. அம்மருத்துவரும் நம் நாட்டினர் அல்லர். ஆயினும், மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவனாரைப் பயில்வோர்க்கு இப்பொருள் அயலானது அன்று. நோயை அறிவதோடு நில்லாது, அது பிறந்த காரணத்தையும் தேடிச்செல்ல வேண்டும் என்பது அப்பெருமான் காட்டிய நெறி. அந்நெறியில் நெடுந்தூரம் நடந்த அரசாங்க ஊழியர் ஒருவரையே உங்கள்முன் நிறுத்த விரும்புகின்றேன்.

ஒரே ஊர், ஒரே நீர், ஒரே காற்று. எனினும் ஒரு தெருவில் ஆண்டுதோறும் புகும் நோய் அடுத்த தெருவை எட்டியும் பார்ப்பதில்லை. காரணம் யாதெனக் கேட்டால் உலகத்தார் பெரும்பாலும் மூன்று விடைகளுள் ஒன்றைக் கூறுவர். அவர்கள் அழுக்கானவர்கள் என்பது ஒன்று; அவர்கள் பிறப்பே அத்தகையது என்பது மற்றொன்று; எல்லாம் தலையெழுத்து என்பது மூன்றாவது. இம்மூன்றும் சொல்பவர்க்கு மிக வசதியானவை. ஏனெனில் இவற்றுள் எதனை ஒப்பினும் அவர் செய்யவேண்டுவது யாதுமில்லை. டாக்டர் ஜோசப் கோல்ட்பர்கர் இவ்விடைகளை நம்பவும் இல்லை. வெறுஞ்சொல்லால் மறுக்கவும் இல்லை. வீடு வீடாகச் சென்று எண்ணிப் பார்த்தார்.

முதற்கண் அந்நோய் இன்னதென்று கூறுகின்றேன். அதன் பெயர் பெலாகரா. ஸ்பெயின் தேசத்து மருத்துவர் காஸ்பர் காஸால் என்பார் 1735-இல் அதனைக் கண்டு விவரித்தார். பெலாகரா என்பது இத்தாலிய நாட்டார் இட்ட பெயர். கரடுமுரடான தோல் என்பது அதன் பொருள். வெயில் படும் கைகளிலும் கழுத்திலும் முகத்திலும் தோல் சிவந்து, கறுத்து, உரியும். பின்னர் வயிற்றுப்போக்கு உண்டாகும். அதன்பின் அறிவு கலங்கும். கவனிப்பார் இன்றேல் இறுதியில் உயிர் நீங்கும். 1906-ஆம் ஆண்டு முதலாக அமெரிக்காவின் தென்மாகாணங்களில் இந்நோய் கொள்ளைநோயென எழுந்தது. அது முதல் 1940 வரையில் சுமார் 30 லட்சம் பேர் இதற்கு ஆளாயினர் என்றும், சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டுள்ளனர். ஒட்டுநோய் என்ற அச்சத்தால் நோயுற்றாரைத் தொழுநோயாளரைப்போல் ஊரார் ஒதுக்கினர். அதனை ஆராய அமைந்த ஒரு மருத்துவக் குழுவும் அது தொற்றுநோய் என்றே கருதியது.

கோல்ட்பர்கர் 1874-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள், அக்காலத்து ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டதும் இக்காலத்து ஸ்லோவாக்கியாவில் உள்ளதுமாகிய ஒரு சிற்றூரில், யூதக் குடும்பத்தில் தோன்றினார். 1883-இல் பெற்றோர் அவரை நியூயார்க் நகருக்கு அழைத்துவந்தனர். வந்தேறிகள் நெருங்கி வாழ்ந்த ஏழைத் தெருக்களில் அவர்கள் ஒரு மளிகைக்கடை நடத்தினர். எந்த வீட்டார் எதனை வாங்குவர், எதனைக் கடனாகக் கேட்பர், எதனை விலை கேட்டு வைத்துவிட்டுச் செல்வர் என்பதைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எவரும் தனியே கற்பிக்க வேண்டுவதில்லை. பிற்காலத்தில் அவர் செய்த பெருங்காரியத்திற்கு இதுவும் ஒரு பள்ளியாய் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பொறியியல் பயிலப் புகுந்த அவர், இடையே மருத்துவத்தில் மனம் பற்றி, 1895-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சிறிது காலம் தனித்தொழில் நடத்தி, 1899-இல் ஐக்கிய நாட்டரசின் சுகாதாரப் பணியில் சேர்ந்தார். துறைமுகங்களில் கப்பற் பயணிகளைச் சோதிப்பது தொடக்கத்தில் அவர் வேலை. பிறகு மஞ்சட்காய்ச்சல், டெங்கு, டைபஸ் முதலியன பரவிய இடங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டார். அம்மூன்று நோய்களும் அவரையும் பற்றின. ஒவ்வொரு முறையும் பிழைத்தெழுந்து வேலைக்குத் திரும்பினார்.

1914-ஆம் ஆண்டில் சுகாதாரத் தலைவராயிருந்த ரூபர்ட் புளூ, பெலாகராவை ஆராயும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கோல்ட்பர்கர் உடனே நுண்ணோக்கியைக் கையில் எடுத்தாரில்லை. தென்னாட்டுப் பைத்திய வைத்தியசாலைகளையும் அனாதை விடுதிகளையும் சென்று பார்த்தார். அங்கே எவரும் கண்டும் கருதாத ஒன்று அவர் கண்ணிற் பட்டது. நோயாளிகளுக்குப் பெலாகரா வருகின்றது. அவர்களைக் குளிப்பாட்டித் தூக்கி எடுக்கும் தாதியர்க்கும் ஏவலாளர்க்கும் அது வருவதே இல்லை. ஒட்டுநோயாயின் அதற்கு உத்தியோகத் தாரதம்மியம் எங்ஙனம் தெரியும்? இருசாராரும் ஒரே கூரையின்கீழ் இருப்பவர். ஆனால் ஒரே உணவை உண்பவர் அல்லர். நோயாளிகளின் தட்டில் மக்காச்சோளக் களியும் கரும்புப் பாகும் கொழுப்பும் விழுந்தன. பணியாளர் பாலும் முட்டையும் இறைச்சியும் தேர்ந்துகொண்டனர்.

மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகரில் இருந்த அனாதை விடுதியொன்றில் இவ்வுண்மை மேலும் தெளிவாயிற்று. 6 வயது முதல் 12 வயது வரையில் உள்ள பிள்ளைகளுக்கே அங்கு நோய் மிகுதி. ஆறுக்குக் கீழ்ப்பட்ட சிறாருக்குப் பால் கிடைத்தது. பன்னிரண்டைக் கடந்தோர் வேலை செய்பவராதலின் அவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. குழந்தையென்ற இரக்கமும் உழைப்பாளியென்ற மதிப்பும் இல்லாத நடுப்பருவத்தார்க்கு இரண்டும் இல்லை. கோல்ட்பர்கர் அரசாங்கச் செலவில் அந்நகரத்து விடுதிகள் இரண்டின் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுக்கச் செய்தார். நோய் ஏறக்குறைய மறைந்தொழிந்தது. பின்னர் அவ்வுணவு நிறுத்தப்பட்ட இடத்தில் அது மீண்டும் தலைகாட்டியது. ஜார்ஜியா மாகாணத்துப் பைத்திய வைத்தியசாலையில் வெள்ளையர் பகுதி ஒன்றிலும் கறுப்பர் பகுதி ஒன்றிலும் இம்முறையே செய்தார். தோலின் நிறம் எதுவாயினும் பால் தன் வேலையைச் செய்தது.

இத்துணைச் சான்றும் எதிர்த்தாரை அசைக்கவில்லை. ஆகவே நல்லுணவு நோயை நீக்குவதைக் காட்டியவர், தீய உணவு நோயை உண்டாக்குவதையும் காட்டத் துணிந்தார். 1915-இல் மிஸிஸிப்பி மாகாண ஆளுநரின் இசைவோடு, சிறைப்பண்ணையொன்றில் இருந்த கைதியர் 12 பேர், விடுதலை கிடைக்கும் என்ற வாக்குறுதியின்மேல், இச்சோதனைக்கு உட்பட்டனர். மக்காச்சோளமும் அரிசியும் மாவும் பாகும் சில கீரை கிழங்குகளுமே அவர்கள் உணவு. ஒருவர் இடையே நீங்க, எஞ்சிய 11 பேரில் 6 பேருக்கு ஏறத்தாழ ஐந்து மாதத்திற்குள் பெலாகரா தோன்றியது. ஈண்டு ஒன்று கூறாது விடுதல் நேர்மையாகாது. விடுதலையை விலையாக வைத்துச் சிறைப்பட்டவனிடம் பெறும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. இக்காலத்து மருத்துவ நீதி அத்தகைய சோதனையை ஏற்பதில்லை. நற்பயன் விளைந்தது என்பதனால் வழியின் குற்றம் மறைந்துவிடாது. பெரியோர் வரலாற்றைப் படிக்குங்கால் இதனையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

அடுத்து அவர் தம் உடலையே சோதனைக்களம் ஆக்கினார். 1916-இல் அவரும் தோழரும் மனைவியாருமாக 16 பேர் முன்வந்தனர். பெலாகரா நோயாளரின் இரத்தத்தை ஊசிவழியே ஏற்றிக்கொண்டனர். தோலில் உரிந்த செதிள்களையும், அருவருக்கத்தக்க கழிவுகளையும்கூட மாவிற் பிசைந்து மாத்திரையாக விழுங்கினர். மனைவியார் மேரி அம்மையார் அம்மாத்திரையை உண்ண ஆடவர் இசையாமையால், இறக்குந் தறுவாயில் இருந்த நோயாளிப் பெண் ஒருத்தியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். ஒருவருக்கேனும் பெலாகரா வரவில்லை. ஒட்டுநோய் என்ற கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு யாது வேண்டும்?

அழுக்கு என்ற விடை இவ்வாறு ஆட்டங்கண்டது. ஆயினும் பிறப்பு என்ற விடை எஞ்சி நின்றது. குலமரபு ஆராய்ச்சியில் அக்காலத்துப் பெரும்பெயர் பெற்றிருந்த சார்லஸ் டாவன்போர்ட் என்பார், ஒரே குடும்பத்தில் பலருக்குப் பெலாகரா வருதலைக் காட்டி, அதற்கு ஆளாகும் இயல்பு பரம்பரையாய் இறங்குவது என வாதித்தார். கற்றோர் பலர்க்கு இவ்வாதம் இனித்தது. தந்தைக்கும் மகனுக்கும் பொதுவானது இரத்தம் ஒன்றுதானா? சோற்றுப்பானையும் பொதுவன்றோ? வறுமையும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதே. அதனை இரத்தத்தின் குணம் என்று கூறலாமோ?

இவ்வழக்கைத் தீர்த்த ஆராய்ச்சியே கோல்ட்பர்கரின் தொழில் வாழ்வில் தலையாயது என்பேன். 1916-இல் தென் கரோலினா மாகாணத்தில் பஞ்சாலைத் தொழிலாளர் வாழ்ந்த 7 சிற்றூர்களை அவர் தேர்ந்துகொண்டார். அவருக்குத் துணையாய் வாய்த்தவர் எட்கர் ஸைடன்ஸ்டிரிக்கர் என்னும் பொருளாதாரப் புலவர். ஒருவர் உடலை நாடினார். மற்றவர் கூலியை நாடினார். இருவாரத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிற்கும் ஆட்சென்று, யாருக்கேனும் தோலில் குறி தோன்றியதா என்று பார்த்துவரச் செய்தனர். வீட்டுக்கு வரும் வருமானம் எவ்வளவு, கடையில் வாங்கிய பண்டம் எவ்வளவு, பசு உண்டா, தோட்டம் உண்டா என்றெல்லாம் குறித்தனர். ஒரு வீட்டில் இருவர், மற்றொரு வீட்டில் எண்மர் எனின் வருமானத்தை அப்படியே ஒப்பிடுதல் பிழையாதலின், வயதுக்கும் பாலுக்கும் ஏற்பப் பங்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று கணித்தனர்.

கணக்கு முடிந்தபோது உண்மை வெளிப்பட்டது. வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்தது. வருமானம் ஏற ஏற நோய் தேய்ந்தது. அத்தொழிலாளர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். ஒரே வகைத் தொழில் செய்வோர். ஆகலின் இனம் என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை. ஊர்களின் துப்புரவு நிலையையும் தனியே மதிப்பிட்டனர். அதற்கும் நோய்க்கும் ஒழுங்கான தொடர்பு காணப்படவில்லை.

இன்னும் ஒரு நுட்பம் கேளுங்கள். கூலி ஏறக்குறைய ஒத்த இரண்டு ஊர்களில், ஒன்றில் நோய் மிகுந்தும் மற்றொன்றில் அருகியும் இருந்தது. ஏன்? ஓரூரைச் சூழப் பலவகை வேளாண்மை நடந்தது. பாலும் காய்களும் இறைச்சியும் வாயிற்படிக்கே விலைக்கு வந்தன. மற்றோர் ஊரைச் சூழப் பருத்தியே பருத்தி. அங்குக் கையிற் காசு இருந்தாலும் வாங்குதற்குப் பண்டம் இல்லை. எனவே ஒருவன் நலமாய் வாழ அவன் கூலி மட்டும் போதாது. அவன் ஊர்ச் சந்தையில் எது கிடைக்கும் என்பதும் வேண்டும் என்று இவ்வாராய்ச்சி உணர்த்தியது.

பருத்திக்கும் பெலாகராவுக்கும் உள்ள உறவு இஃதே. தென்னாட்டில் நிலமில்லாக் குடியானவர், வெள்ளையரும் கறுப்பருமாக, பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதனர். விளைச்சல் வரும்வரை கடைக்காரரிடம் கடன். அக்கடனுக்கு ஈடு பருத்தி ஆதலால், வீட்டு வாயில் வரையில் பருத்தியே விதைக்க நேர்ந்தது, கீரைப்பாத்திக்கும் இடமில்லை. கடனில் கிடைத்தவை சோளமாவு, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, பாகு இம்மூன்றே. பனிக்காலமெல்லாம் இவற்றையே உண்டவர்க்கு இளவேனிலில் நோய் தோன்றியது.

இம்மாவில் ஒரு வியப்பும் உண்டு. மக்காச்சோளத்தை முதன்முதல் விளைத்த மெக்ஸிகோ நாட்டுப் பழங்குடியினர் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைத்தனர். அதனால் தானியத்தில் பிணிபட்டிருக்கும் சத்து விடுபட்டு உடலிற் சேர்ந்தது. பிற நாட்டார் தானியத்தைக் கொண்டு சென்றனர். பக்குவத்தை விட்டுச் சென்றனர்.

உண்மையைக் கண்டறிதல் ஒரு துணிவு; அதனைச் சொல்லுதல் மற்றொரு துணிவு. 1920-இல் பருத்தி விலை வீழ்ந்தது. குடியானவர் உணவு இன்னும் குறையும், பெலாகரா பெருகும் என்று கோல்ட்பர்கர் எச்சரித்தார். 1921-இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங், உதவிக்கு வழி தேடும்படி சுகாதாரத் துறைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதினார். இதைக் கேட்ட தென்னாட்டுத் தலைவர் பலர் மகிழவில்லை, சீறினர். எங்கள் நாட்டிற் பஞ்சம் என்று கூறுவது எங்களை இழிவுபடுத்துவது. எங்களுக்குத் தருமம் வேண்டா என்றனர். மானம் பேசியவர் உண்டு கொழுத்தவர். உணவின்றி மெலிந்தவரை எவரும் கேட்கவில்லை. தம் நாட்டின் குறையை மறைப்பதே நாட்டுப்பற்று என்று கருதும் மயக்கம் எல்லா நாட்டிலும் உள்ளதே.

நோய்க்குக் காரணம் வறுமை என்று கண்ட கோல்ட்பர்கர், வறுமை தீரும்வரை நோயாளர் காத்திருக்க இயலாது என்பதையும் உணர்ந்தார். மலிந்த மருந்தொன்றைத் தேடினார். நாய்களுக்கு வரும் கருநாக்கு நோய் பெலாகராவை ஒத்தது எனக் கண்டு அவற்றிற் சோதித்து, மதுவடிப்போர் பயன்படுத்தும் ஈஸ்டு சிறிதளவே இந்நோயைத் தீர்க்கும் என நிறுவினார். 1927-இல் மிஸிஸிப்பி ஆறு பெருக்கெடுத்து நாடு மூழ்கிய காலத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தார் அந்த ஈஸ்டை ஊர்தோறும் வழங்கினர். அப்பொழுதும் அவரும் ஸைடன்ஸ்டிரிக்கரும் தம் அறிக்கையில், ஒரே பயிரும் கடனில் உழலும் வாரக்குடி முறையும் மாறாவிடின் இக்கேடு தீராது என்று எழுதினர். கையில் மருந்து இருந்தும் நோயின் வேரை அவர்கள் மறந்தாரில்லை.

1929-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள், புற்றுநோயால் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 54. அவர் தேடிய சத்து இன்னதென அவர் காணவில்லை. 1937-இல் கான்ராட் எல்வேஜம் என்பார் அது நிக்கோடினிக் அமிலம் எனக் காட்டினார். நியாஸின் என்று இன்று வழங்குவதும் அதுவே. 1940-க்குப் பின் மாவில் அதனைக் கலந்து விற்கும் வழக்கம் பரவியது. பல பயிர் வேளாண்மையும் கூலியும் உயர்ந்தன. பெலாகரா அந்நாட்டில் அரிதாயிற்று.

இந்நோய் நமக்கு முற்றும் அயலானதும் அன்று. தக்காணத்தில் சோளத்தையே பேருணவாகக் கொண்ட ஏழைகளிடையே இது காணப்பட்டது. நம் சேலத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, ஐதராபாத்து உணவாராய்ச்சி நிலையத்தின் தலைவராய் விளங்கிய டாக்டர் சி. கோபாலன் அவர்கள், ஸ்ரீகாந்தியா அவர்களுடன் சேர்ந்து அதனை ஆராய்ந்து, 1960-இல் உலகறியக் கட்டுரை வெளியிட்டார்கள். கோல்ட்பர்கர் நடந்த வழியில் நம்மவரும் நடந்தனர் என்பது நமக்குப் பெருமை.

இனி இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? தாய்மார்களை நோக்கியும், அவர்களினும் மேலாக அவர்தம் கணவன்மாரை நோக்கியும் ஒன்று கூறுவேன். அமெரிக்காவில் பெலாகராவால் மாண்டவருள் பெண்களே மிகுதி. வீட்டில் உள்ள சிறிது இறைச்சி உழைக்கும் ஆணுக்கும், சிறிது பால் குழந்தைக்கும் போயின. தாய்க்குக் களியே மிஞ்சியது. நம் வீடுகளில் கடைசியில் உண்பவர் யார்? குழம்பின் அடியும் சட்டியின் காந்தலும் யார் இலையில் விழுகின்றன? இதனைப் பெண்ணின் பெருந்தன்மை என்று நாம் போற்றிப் பாடி வருகின்றோம். கோல்ட்பர்கரின் கணக்குப் புத்தகம் அதற்கு வேறு பெயர் இடும். பருப்பும் பாலும் வேர்க்கடலையும் வீட்டில் உள்ள அளவே ஆயினும், முதலிலேயே எல்லோர்க்கும் பங்கு வைத்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கல்விக்கு உதவிப் பணம் வழங்குகின்றோம். மருத்துவம் பயில்வோரைக் கண்டு மகிழ்கின்றோம். ஆனால் ஊசியும் கத்தியும் பிடிப்பவரே மருத்துவர் என எண்ணுகின்றோம். நோய்க் கணக்கு எடுப்பவரும், அதனைக் கூலியோடும் உணவோடும் ஒப்பிட்டு ஆராய்பவரும் மருத்துவரே. அவ்வழியிற் செல்ல விரும்பும் பிள்ளையை, பணம் வாராத தொழில் என்று தடுக்காதீர்கள். ஒரு வைத்தியர் தம்மிடம் வந்தவரைக் காப்பார். கணக்கெடுக்கும் இவ்வைத்தியரோ தம்மிடம் வரவே இயலாதவரையும் காப்பார்.

மாணவர்களே! நாளை உங்களுள் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து, ஏதோ ஒரு தெருவில் நோய் மிகுந்த காரணத்தை எழுதவேண்டி வரலாம். அழுக்கு என்றோ, பிறப்பு என்றோ, விதி என்றோ எழுதக் கை விரையும். எழுதுமுன் அத்தெருவிற்குச் சென்று ஒரு வீட்டின் அடுப்பங்கரையைப் பாருங்கள், கடைக்காரர் கணக்கைக் கேளுங்கள், எண்ணுங்கள். எண்ணி அறிந்ததை, கேட்போர் முகம் கோணினும், மறையாது எழுதுங்கள்.